மகனுக்குக் கவனம் இல்லை என்று சொல்லப் போன கதை

எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு, கம்பஸுக்கு, போனவன் என் மூத்த மகன். அவன் போன அன்று எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் பெரிய பேனர் கட்டினோம். அதில் அவன் முகம் ஒரு கதவளவு இருந்தது. கீழே வாழ்த்துபவர்கள் என்று ஒரு கூட்டம் முகங்கள். அதில் பாதிப் பேர் அவனோடு அதுவரை பேசியதே கிடையாது. இப்போது அந்தப் பேனர் எங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருக்கிறது. மழைக்கு நல்லது.

இன்னும் சில வருடங்களில் உங்களில் சிலருக்கும் பேனர் கட்டுவார்கள், தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு நின்று, ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் டீச்சரிடம் கேளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் என்னிடம் வாருங்கள். மகனுடைய பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே எழுதுகிறேன். வந்த பிறகு எழுதினால், பாஸ் என்றால் பெருமை, பெயில் என்றால் சாக்கு என்றாகிவிடும்.

மூன்றாம் வருடப் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டார்கள் என்று மகன் வீட்டுக்கு வந்தான். படிக்க வந்தவன் பகல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழும்புவான். எழும்பியதும் புத்தகத்தைத் திறப்பான். திறந்த புத்தகத்தில் போனைச் சாய்த்து வைப்பான். போன் சரியாமல் நிற்க அவ்வளவு தடித்த சாமான் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

ஒருநாள் பின்னேரம், நான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, ஒரு முக்கியமான விஷயம். எனக்கு ஒரு வியாதி இருக்கு."

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"கவனக் குறைபாடுன்னு சொல்லுவாங்க. மூளைல உள்ள பிரச்சன. மனசு ஒரு எடத்துல நிக்காது."

"யாருப்பா சொன்னது? டொக்டரா?"

"இல்ல, போன்ல ஒரு டெஸ்ட் இருக்கு. கேள்விக்குப் பதில் சொன்னா முடிவு வரும். எனக்கு ரொம்ப கூடுதலா வந்திச்சு. எங்க ரூம்ல எல்லாருக்கும் கூடுதலாத்தான் வந்திச்சு."

ஹொஸ்டலில் ஒரே அறையில் படுக்கிற அத்தனை பேருக்கும், அதுவும் பரீட்சைக்கு முந்தின மாதத்தில், மூளையில் ஒரே வியாதி! எங்கள் தோட்டத்தில் இப்படி எல்லாரும் ஒன்றாகப் படுப்பது வயிற்றோட்டம் வந்தால் மட்டும்தான். அப்போது குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த வியாதிக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. உண்மையிலேயே வியாதி உள்ளவர்களுக்கு டொக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பது. அதைப் போட்டால் மாடு மாதிரிப் படிக்கலாம் என்று கம்பஸில் பேச்சாம். யாரோ ஒருவன் எங்கிருந்தோ கொண்டுவந்ததை ஒடித்து இவனுக்கும் பாதி கொடுத்திருக்கிறான்.

"போட்டியா?"

"ஒரே ஒரு தடவ. பாதிதாம்ப்பா."

"எவ்வளவு படிச்ச?"

"அன்னைக்கு டைம்டேபிள் போட்டேன்."

"என்ன டைம்டேபிள்?"

"எப்ப எப்ப படிக்கணும்னு. கலர் பேனால. கோடெல்லாம் ரூலர் வச்சு அடிச்சேன். அவ்வளவு கவனம்ப்பா! நெஞ்சு மட்டும் கொஞ்சம் படபடன்னு அடிச்சிச்சு. பசியே எடுக்கல."

மூளை வியாதி என்றபோதுகூட அவன் அம்மா இப்படிப் பதறவில்லை. "பசிக்காம செய்ற மாத்திரையா? அத தேடிப் போய் வேற வாங்கணுமா?" என்று மாவுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

டொக்டர் எழுதிய துண்டு இருந்தால் பாமசியிலேயே வாங்கலாம் என்று மகன் விளக்கினான். கேகாலையில் பெரிய டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணி நேரமும் எடுத்துவிட்டானாம். ஒரே ஒரு தடங்கல். பிள்ளை சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று அவர் தாய் தகப்பனிடம் கேட்பாராம். சின்ன வயதிலிருந்தே இருந்தால்தான் அது வியாதி. பரீட்சைக்கு முந்தின மாதம் தொடங்கினால் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

"அதனால நீங்க வரணும்ப்பா. நான் சொல்லித் தாறத மட்டும் சொன்னா போதும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். "இந்த தடவ பெயிலானா லயத்துல எல்லாரும் என்னப்பா சொல்லுவாங்க?" என்றான். வியாதி எப்படியோ, பயம் உண்மையாக இருந்தது. அவன் படிக்கிறதில் ஒரு வரி எனக்கு விளங்காது. அவன் படிப்புக்கு என்னிடம் அவன் உதவி என்று கேட்டதே இல்லை. இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்கிறான். கேட்டது பொய் சொல்ல. அதாவது, எனக்கும் செய்யத் தெரிந்த வேலை. சரி என்றேன்.

மறுநாள் பின்னேரம் ஒத்திகை. மகன் பிளாஸ்டிக் கதிரையில் டொக்டராக உட்கார்ந்தான். நான் எதிரே பலகையில்.

"மகன் சின்ன வயசுல எப்படி?"

"ஒரு எடத்துல உக்கார மாட்டான்ங்க."

"அப்புறம்?"

"பென்சில், கொப்பி, சப்பாத்து எல்லாத்தையும் தொலச்சிட்டு வருவான்ங்க."

"கொஞ்சம் கவலயா சொல்லுங்கப்பா. கேரம்ல ஜெயிச்ச மாதிரி சொல்றீங்க."

லயத்துக் காம்பரா வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். கம்பஸ் போனவனுக்கு மறந்துவிட்டது. அடுத்த காம்பராவில் இருப்பவள் என் தங்கச்சி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"யாருண்ணே கவனம் இல்லாதவன்? போன்ல கேம் வெளாடுறப்போ கால்மேல பாம்பு ஏறிப் போனாலும் அவனுக்குத் தெரியாதே!"

"அத்தே, அதுவும் ஒரு அறிகுறிதான்," என்று மகன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அப்போ கவனம் இருந்தாலும் வியாதி, இல்லாட்டியும் வியாதியா? நல்லாருக்குடா ஒன் வியாதி! சோறு திங்கிறப்போ அது எங்க போவுது?"

தள்ளியிருந்த காம்பராக்களிலும் சிரிப்புக் கேட்டது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னங்க, மகனுக்குக் கவனம் இல்லையாமே? அந்த மாத்திரைல எனக்கும் ஒரு அட்டை சொல்லி வைங்க. இங்க ஒருத்தனும் மரத்தப் பாத்து வெட்டுறதில்ல, பட்டையெல்லாம் காயம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க முடியாதது பின்னேரம் வந்தது. தங்கச்சி சுவருக்கு மேலால் கருவாட்டுத் துண்டு ஒன்றை நீட்டியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணே, அது கெடச்சா நம்ம சின்னவளுக்கும் ஒண்ணு குடுங்க. ஸ்கொலர்ஷிப் பரீட்ச வருதில்ல? பாதி ஒடச்சுக் குடுத்தாலும் போதும்."

முந்தின நாள் கிண்டல் பண்ணிய அதே வாய். அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் லயத்தில் மருந்துக்குத் தனிச் சொந்தக்காரர் கிடையாது. ஒருவர் டிஸ்பென்சரியில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை சுவருக்கு மேலால் நாலு வீட்டுக்குப் போகும். தலைவலிக்குக் கொடுத்தது வயிற்றுவலிக்குப் போய், மிஞ்சினால் ஆட்டுக்குட்டிக்கும் போகும். கம்பஸிலும் இதையேதான் செய்கிறார்கள். அங்கே சுவர் கூரை வரை இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

தங்கச்சி மகளுக்குப் பத்து வயது. வாசலில் கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மகன் சொன்ன நெஞ்சுப் படபடப்பு எனக்கு நினைவு வந்தது. உள்ளே போய், தங்கச்சி கேட்டதை மகனிடம் சொன்னேன்.

அவன் மிகவும் பொறுப்பாகத் தலையை ஆட்டினான். "அவளுக்கெல்லாம் குடுக்கக் கூடாதுப்பா. டொக்டர் பாக்காம அந்த மாத்திரை குடுக்கிறது ஆபத்து."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

குறித்த நாளில் வரக்காப்பொலைக்கு வந்து பஸ் மாறிக் கேகாலைக்குப் போனோம். வழி முழுக்க என் வரிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்காரர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

டொக்டருக்காகக் காத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு முன் நம்பரில் ஒரு முஸ்லிம் பெண்மணி இருந்தார். வரக்காப்பொலையில் கடை வைத்திருக்கும் குடும்பம். கூட ஒரு சின்ன மகள். அந்தப் பிள்ளை கதிரையில் ஏறியது, இறங்கியது, திரையை இழுத்தது, நம்பர் துண்டைக் கிழித்தது, தண்ணீர் கேட்டு, வந்ததும் குடிக்காமல் ஓடியது. தாய் என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசினார்.

"என்ன செய்ற? ஒரு இடத்துல இரிக்க மாட்டா. பென்சில், கொப்பி, சப்பாத்து கூட தொலச்சிட்டு வாறா. ஸ்கூல்ல பைத்தியம்னு கூப்பிடுறாங்களாம். தெனமும் அழுதுட்டுத்தான் வாறா."

நான் பாடமாக்கி வைத்திருந்த வரிகள்தான். பென்சில், கொப்பி, சப்பாத்து என்ற வரிசைகூட மாறவில்லை. கவலையாகச் சொல்லும்படி அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

"டொக்டர் தந்த மருந்து நல்லா புடிச்சிச்சு. எழுத ஒக்காந்தா. இப்ப கடைகள்ல அந்த மருந்தே இல்ல. கொழும்புக்குப் போய்த் தேடியும் இல்ல. ஆருதான் வாங்கிட்டுப் போறாங்களோ."

மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அவன் விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் அவனுக்குக் கவனம் நன்றாகவே இருந்தது. சிறுமி ஓடிவந்து, அண்ணன் முறை வைத்து அவனை 'நானா' என்று கூப்பிட்டு முழங்காலைத் தட்டினாள்.

"நானா, ஒங்களயும் ஸ்கூல்ல பைத்தியம்னா சொல்ற?"

"இல்ல," என்றான் மகன்.

உள்ளே போனோம். டொக்டர் சிங்களவர், அமைதியான மனுசர். மகன் தன் அறிகுறிகளை இங்கிலீசில் ஓட்டமாக ஒப்பித்தான். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. கவனமில்லாத பிள்ளை இவ்வளவையும் எப்படிப் பாடமாக்கினான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொடி காலே புதா கொஹொமத?" சின்ன வயதில் மகன் எப்படி என்று சிங்களத்தில் கேட்டார்.

எங்கள் ஒத்திகை முழுவதும் தமிழில் நடந்திருந்தது. இது தகப்பனுக்கும் தோன்றவில்லை, கம்பஸ் படிக்கிற மகனுக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கடையில் பேசுவேன், பஸ்ஸில் சண்டைகூடப் பிடிப்பேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மனுசரிடம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற சிங்களம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, அடையாள அட்டைக்குப் போகும்போது, கிராம சேவகரிடம், பொலிசில், எல்லா இடத்திலும் எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். தோட்டத்துப் பிள்ளை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அங்கே போய் நாமே குறையை எடுத்துக் கொடுப்போமா? வாய் தானாகத் திறந்தது.

"ஹொந்த ளமயெக் சேர். கிசி கரதரயக் நே."

நல்ல பிள்ளைங்க சேர், ஒரு கரைச்சலும் இல்லை.

மகன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். மிதித்ததும் எனக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. கணக்குச் செய்ய உட்கார்ந்தால் முடியும் வரைக்கும் எழும்ப மாட்டான் சேர் என்றேன். ஒரே பென்சிலைக் கையில் பிடிக்க முடியாமல் தேயும் வரை எழுதுவான் என்றேன். கொப்பி சுத்தமாக வைத்திருப்பதற்கு அதிபர் மேடையில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்ததையும் சொன்னேன். அத்தனையும் உண்மை. அந்தத் தாயின் வரிகளை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல மனமும் இல்லை.

டொக்டர் சிரிக்கவில்லை. "இப்போது எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறான்?" என்று கேட்டார். அதற்கும் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து மகனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"பாதிதான் சேர் போட்டேன்," என்றான் மகன்.

பயத்துக்கு இது மருந்தில்லை என்றார் டொக்டர். கூட்டாளிமார் கொடுப்பதை இனித் தொடவேண்டாம், நேரத்துக்குப் படு, எழும்பிப் படி என்றார். பரீட்சை முடிந்த பிறகும் மனம் நிற்காவிட்டால் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவா, முறையாகச் சோதித்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். மாத்திரைக்குத் துண்டு எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் மகன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். அங்கே நிற்கும்போது அவனுக்குப் போன் வந்தது. ஹொஸ்டல் கூட்டாளி போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"மச்சான், கெடச்சிச்சா?"

"இல்லடா."

"ஏன்? டொக்டர் புடிச்சிட்டாரா?"

"அவர் இல்லடா. எங்கப்பா. உள்ள போயி என்னப் பத்தி நல்லதா சொல்லிட்டாரு."

"சொந்த அப்பாவேயா? நீ கேஸ் போடு மச்சான்!" என்று அந்தப் பக்கம் எல்லாருமாகச் சிரித்தார்கள். இவனும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், என் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

பஸ் வந்தது. ஏறி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வேறு சீட் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.