பஞ்சு மூக்கன்

நைனா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால், ஈரக் காகிதமும் பெயர் தெரியாத ஏதோ சோப்பும் சேர்ந்து புளித்த வாடை ஆரம்பாக்கத்தில் எங்கள் வீடு முழுக்கப் பரவும். கப்பலில் வரும் வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்தைக் கூழாக்கும் மில்லில் அவருக்கு வேலை. அந்தக் கட்டுகளிலிருந்துதான் ஒருநாள் எனக்கென்று ஒரு இங்கிலீஷ் படக்கதைப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

அட்டையில் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஒருவன், மண்டையோட்டு முகத்தோடு, சுருட்டுப் பிடித்தபடி சிரித்தான். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. பிணத்துக்குத்தானே பஞ்சு வைப்பார்கள், வைத்துக்கொண்டு இவன் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டாள் அம்மா. பிளஸ் டூ படித்த அக்கா எழுத்துக் கூட்டிப் படித்து, ஹைத்தி என்ற தீவில் வூடூ என்றொரு வழிபாடு இருக்கிறதாம், அதில் இவன் சாவுக்குச் சாமியாம் என்றாள். அம்மா அவனுக்குப் "பஞ்சு மூக்கன்" என்று பெயர் வைத்தாள், வீட்டுக்குள் விடவில்லை. புத்தகத்தைக் கோழிக் கூண்டின் மேல் போட்டு ஒரு செங்கல்லை வைத்தவள், போகும்போதும் வரும்போதும் கல் நகர்ந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அந்த வாரமே, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் இருந்த அம்மாவின் ஒரே தம்பி ஏழுமலை மாமா மேல் உலைக் குழம்பு தெறித்துவிட்டது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அம்மா, நைனாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இவன இன்னாத்துக்குய்யா ஊட்டுக்கு இட்டாந்த?" 

புத்தகத்தை அடுப்பில் போடப் போனவளை அக்காதான் தடுத்தாள். கடைசிப் பக்கங்களில் இருந்ததைச் சொன்னாள்: இவன் தன் கையால் குழி தோண்டினால்தான் ஒருவருக்குச் சாவு, தோண்ட மாட்டேன் என்று விட்டால் எந்தக் காயமும் கொல்லாது. அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்குப் போய், முனீஸ்வரனுக்கு வைப்பதுபோல் ஒரு சுருட்டு வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தாள். கும்பிடவில்லை. "தோண்டாத. எந்தம்பி சின்னப் பையன்" என்று மட்டும் கறாராகச் சொன்னாள்.

மாமா பிழைத்தார். தோளிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப்போய், மழைக்காலம் முடியுமுன் வீடு வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "உட்டுட்டுப் போனானா, அப்பால வரேன்னு போனானா, யாரு கண்டா?" புத்தகத்தை மில்லிலேயே கரைத்துவிடச் சொன்னாள், கரைத்தாயிற்று என்று நைனா சொன்னதையும் அவள் முழுதாக நம்பவில்லை.

இன்று மில் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் நிற்கின்றன. தேர்வாய் கண்டிகையில் செக்யூரிட்டியாக இருக்கும் மாமா, லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "சூப்பரா கீறேன்" என்பார், தெருவுக்கே கேட்கும்படி. அம்மா இருந்தவரை, அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெதுவா சொல்றா" என்பாள். இப்போது சொல்லிவிட்டு அவர் ஒரு கணம் நிறுத்துகிறார். அதட்ட ஆளில்லை. வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்.