வானத்தைக் காட்டிக் கைகழுவிய அண்ணன்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் அண்ணன், ஒரு வீட்டு ஹாலில்கூட மைக் பிடித்துத்தான் பேசுவார். அன்றைய தலைப்பு, வேதம் படிக்காதவர்களுக்கும் கடவுள் எப்படித் தெரிகிறார் என்பது.

"வானத்தப் பார்த்தாலே போதும். அவரத் தெரியாதுன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது லா."

அம்மா கையைத் தூக்கினார். கிள்ளானில் லோரி ஓட்டிய அவருடைய தம்பி, பைபிளைத் தொடாமலே போன மாதம்தான் இறந்திருந்தார்.

"அப்ப என் தம்பி?"

"பார்த்தும் ஏத்துக்கலையே, ஆன்டி. பரலோகம் கஷ்டம்தான்."

இந்த மேதைக்கு வானம் என்பது ஆள் பிடிக்கும் போலீஸ்! மனசாட்சியிலும் கடவுள் எழுதியிருக்கிறார் என்று அதே பாடத்தில் வருகிறது. அதைச் சொல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டார்.

அம்மா விடவில்லை. "ரோட்டுல யாரு அடிபட்டுக் கிடந்தாலும் அவன் லோரிய நிப்பாட்டித் தூக்கிட்டுப் போவான். அத யாரு சொல்லிக் கொடுத்தா? நீங்களா?"

அண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "ஜெபிப்போம்," என்றார்.

எல்லாரும் பக்தியாகக் கண்ணை மூடினார்கள். கூட்டத்துக்கென்று சமைத்துக் கொண்டுவந்த மீஹூன் நூடுல்ஸ் டப்பாவை அம்மா மூடிக் கையில் எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"எந்திரி. கிள்ளானுக்குப் போறோம். மாமா பிள்ளைங்க சாப்பிடட்டும்."