வெடித்தால் சின்னதாக வெடிக்கட்டும்!

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காற்றை அடைக்கிற எந்த இரும்புச் சட்டியும் என்றைக்காவது வெடித்தே தீரும் என்று நம்பினேன். வெடிப்பது நிச்சயம் என்றால், சின்னதாக வெடிக்கட்டுமே... இதுதான் என் விஞ்ஞானம்!

திருவள்ளூரில் கோவிலுக்குப் பக்கத்தில் புது லாட்ஜ். பன்னிரண்டு அறைகள். முதலாளி பழவேற்காட்டுக் காதர் பாய்; மேனேஜர் அடியேன். மனையோ பள்ளம். கழிவுத் தொட்டியைப் பின்புற மேட்டில்தான் கட்ட முடிந்தது. கக்கூஸ் கீழே, தொட்டி மேலே. கழிவு தானாக மேடு ஏறுமா? மேனேஜர்களைப் போலத்தான் அதுவும் — யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

மின்சார பம்பு வாங்கலாம் என்றேன். பட்டணத்திலிருந்து வந்திருந்த ஃபிட்டர் ஏசுபாதம் சிரித்தார்.

"பம்புல சக்கரம் சுத்தும் சார். துணி, தேங்கா நாரு எல்லாம் வந்து சிக்கிக்கும். அப்பால யாராவது கை வுட்டுத்தான் எடுக்கணும். ரெண்டு வருசம் நான்தான் வுட்டேன். நீங்க வுடுறீங்களா?"

நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது அழுத்தக் காற்றுச் சட்டி. கக்கூஸுக்குக் கீழே ஒரு குழி; அதில் சேரும் கழிவு சட்டிக்குள் இறங்கும். சட்டி நிரம்பியதும் காம்ப்ரஸர் காற்று உள்ளே பாய்ந்து, அத்தனையையும் மேட்டுக்குத் தள்ளும். பிறகு 'புஸ்' என்று மூச்சு விட்டு, மறுபடி நிரம்பும். சட்டிக்குள் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது; சிக்குவதற்கும் கிடையாது.

"பெருசா ரெண்டு சட்டி போடுங்க சார். ஒண்ணு தள்ளிக்கினு இருக்கும்போது இன்னொண்ணு ரொம்பும்."

ரெண்டா? என் காதில் 'ரெண்டு வெடிகுண்டு' என்றுதான் விழுந்தது! பயத்தை வெளியே சொல்வானா மேனேஜர்? காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆக இருபத்துநாலு. ஒரே ஒரு சின்னச் சட்டி தாராளம்.

பாய் காகிதத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சரி மேனேஜரே, நீங்க சொன்னா சரி. ஆனா குழி ரொம்பி வழிஞ்சுதுன்னு வச்சிக்கோங்க, வாளி எடுத்துக்கினு நீங்கதான் எறங்கணும். வேற ஒரு ஆளை எறக்க வுட மாட்டேன்."

எவ்வளவு மரியாதையான மிரட்டல்!

வந்தது தை அமாவாசை. அன்றைக்கு எங்கள் ஊரில் ஓர் அறை என்றால் ஒரு கிராமம் என்று அர்த்தம். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவது ஒருவர். மூட்டையோடு பின்னால் நுழைவது பெரியப்பா, சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர்... பதினைந்து வருஷமாக இந்த ஊரில் அறைச் சாவி கொடுக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துபோனேன்.

விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"சார், குழி ஏறுது!" என்றார் ஏசுபாதம். சட்டி ஒரு தடவை தள்ளி முடிப்பதற்குள் குழியில் இன்னொரு சட்டிக்கு மேலேயே சேர்ந்துவிடுகிறதாம்.

"வழிய இன்னும் எவ்ளோ இருக்குது?" என்றேன்.

"ஒரு முழம்."

பாய் வாசலில் நின்றபடி வாளி இருந்த மூலையைப் பார்த்தார்.

பாய்ந்து ஓடிப்போய்ப் பொதுக் கக்கூஸ் வாசலை மறித்தேன். 'புஸ்' சத்தம் கேட்டால் நாலு பேர் உள்ளே. அடுத்த 'புஸ்' வரைக்கும் ஒருவரும் அசையக் கூடாது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னா நைனா, கக்கூஸுக்கு ஸ்டேஷன் மாஸ்டரா நீ? எப்போ வுடுவே?"

"சிக்னல் விழட்டும்மா..."

"என் பேரனுக்கு விழுந்துடும்போல இருக்குது, வழிய வுடு!"

பேரன் போனான். சிக்னலுக்கெல்லாம் அவன் காத்திருக்கவில்லை.

ஏசுபாதம் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை முழம்... நாலு விரல்... அங்கேயே நின்றது. வெயில் ஏறி, கூட்டம் கோவில் குளத்துப் பக்கம் நகர்ந்த பிறகு, மெல்ல இறங்கியது.

பாய் இரண்டு பெரிய சட்டிக்கு ஆர்டர் எழுதினார். என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சட்டி வெடிக்கவில்லை. குழி வழியவில்லை. வாளியைத் தொடவில்லை. காலை முதல் மத்தியானம் வரை அந்த லாட்ஜில் கக்கூஸுக்குப் போகாத ஒரே ஆசாமி நான்தான்.