விளக்கணைக்கும் ஜோசப்பின்

அட்டன் பஜாரில் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஜோசப்பினைத் தெரியாதவர்கள் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் குறைவு. டொக்டர்மார் கிறுக்கிக் கொடுப்பதையெல்லாம் செய்தித்தாள் படிப்பதுபோல் படித்துவிடுவாள். யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், மாத்திரையை வாங்கிக்கொண்டுபோய்க் கூரையில் சொருகி வைத்துவிட்டு "கொணமாகலையே தங்கச்சி" என்று வந்து நிற்பவர் யார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சுகம் விசாரிப்பதும் திட்டுவதும் அவளிடம் ஒரே மூச்சில் நடக்கும். திட்டு வாங்கியவர்களும் அடுத்த மாதம் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

இதுபோக அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் கிடையாது. ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, விளக்கை அணைக்கச் சொல்வதுதான் அந்த வேலை.

அந்த வினை பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. பக்கத்துக் கடை ராமநாதனுடைய இரும்புக் கடை. மூன்று தலைமுறையாக ஆணியும் பெயின்ட்டும் விற்ற குடும்பம். ராமநாதனுக்கு மட்டும் ஐம்பது வயதில் வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். நாலைந்து ஆசிரியர்களையும் ஒரு வங்கிக்காரரையும் சேர்த்துக்கொண்டு 'அட்டன் வான்பார்ப்போர் கழகம்' என்று பலகையும் எழுதிவிட்டார். மாதத்தில் இருபது நாள் மூடுபனி இறங்கும் ஊரில் இப்படி ஒரு கழகம்! பஜாரில் 'மேகம் பார்ப்போர் கழகம்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ராமநாதன் அதற்கும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர்.

கழகத்தின் முதல் நிகழ்ச்சி ஊர் மைதானத்தில் நடந்தது. ஜோசப்பினும் வரிசையில் நின்றாள். முன்னால் போனவர்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு "ஒண்ணுந் தெரியலையே" என்று திரும்பினார்கள். தெரியாதுதான். சுற்றிலும் கடைக்கடையாகப் பெரிய பெரிய பல்புகள். ஜோசப்பினுக்குப் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு இறங்கினாள். கோழிக் கடை, சலூன், பூசை முடிந்த கோயில் என்று ஒரு சுற்று. கோயில் ஐயரிடம், "சாமியும் நாள் பூரா வெளிச்சத்துல நிக்கிறாரு, கொஞ்ச நேரம் கண்ண மூடட்டுமே" என்றாள். மூலைக் கடைச் சிங்களப் பையனிடம், "மல்லி, லைட் எக்க பொட்டக் நிவன்னக்கோ, ஒயாட்டத் தமய் ஹொந்த" என்று, லைட்டைக் கொஞ்சம் அணைத்தால் அவனுக்குத்தான் நல்லது என்பதுபோல் சிங்களத்தில் சொன்னாள். மைதானம் இருண்டது. அன்றைக்கு ஊரே வியாழனையும் அதன் நான்கு நிலாக்களையும் பார்த்தது. மறுநாள் காலையில் ராமநாதன் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு மருந்துக் கடைக்கு வந்து, "நீங்க இல்லாம கழகம் இல்ல தங்கச்சி" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் புருஷன் சிறில், ஊருக்கு விளக்குப் போடுகிற எலக்ட்ரீஷியன். "நான் பகல்ல மாட்டுறத இவ ராவுல அணைக்கிறா. எங்க வீட்டுல சண்டைக்கு வேற காரணமே வேணாம்" என்பான். ஆனாலும் தொலைநோக்கியை ஏற்றி இறக்க அவனுடைய பழைய வேன்தான் போகும்.

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், விளக்கை அணைக்கச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. கரண்டுக்காகக் காத்துக் கிடந்த சனம். "மண்ணெண்ண வெளக்குல கண்ணு போச்சு. இப்பத்தான் வெளிச்சத்தப் பாக்குறோம். அத அணைன்னு சொல்ல வந்துட்டியா?" என்று கேட்பார்கள். ஜோசப்பின் கோபப்பட மாட்டாள். முதலில் அவர்கள் முழங்கால் வலியை விசாரிப்பாள். வட்டகொடையில் ஒரு வீட்டில் சீரியல் முடியாமல் விளக்கையும் டிவியையும் அணைக்க மாட்டோம் என்று நின்றார்கள். "இன்னிக்கு ஒண்ணும் நடக்காது. மருமக கதவத் தொறப்பா, மாமியார் மொறைப்பா, அத்தோட தொடரும் போட்டுருவான்" என்றாள். அணைத்துவிட்டு வெளியே வந்தார்கள். மறுநாள் விசாரித்தால் அவள் சொன்னபடியேதான் நடந்திருந்தது.

இப்படி யார் வீட்டு விளக்கையும் அணைக்க வைக்கிறவளுக்கு, ஒரே ஒரு வீட்டுப் படியேறப் பயம். றொசல்லைக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தில், அவள் அக்கா பிலோமினாவின் வீடு.

அந்தக் கதை கரண்டு வந்த வருசத்தில் தொடங்கியது. லயத்துக்கு வயர் இழுக்க வந்த இளந்தாரி சிறில். வேலை நடந்த நாளெல்லாம் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் பிலோமினா. அம்மாவும் மூத்தவளுக்கு இவன் சரிப்படுவான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். லயமே அப்படித்தான் பேசியது. பிலோமினாவும் நம்பினாள். ஆனால் தேத்தண்ணியைக் குடித்தவனின் கண் இளையவள் மேல் இருந்தது. அதை அவன் ஜோசப்பினிடம் சொல்லியும் விட்டான். அவளுக்கும் சம்மதம்தான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். முதல் பல்பு எரிந்த அன்று லயமே கூடிக் கைதட்டியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சிறிலின் தாய் வந்து, சின்னவளைப் பெண் கேட்டாள். புது வெளிச்சத்தில் எல்லார் முகமும் பிலோமினாவைத்தான் திரும்பிப் பார்த்தன.

பிலோமினாவுக்கும் பிறகு கல்யாணம் நடந்தது. பெக்டரியில் வேலை செய்கிற தங்கமான மனுசன். ஆனால் தங்கச்சியோடு பேச்சு நின்றது நின்றதுதான். அம்மாவின் சாவுக்குக்கூட இருவரும் லயத்து வீட்டின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கழகம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வருசம், ஐப்பசி பிறக்கப்போகும் சமயத்தில் வால்நட்சத்திரம் ஒன்று வந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ராமநாதன் கடையில் ஆணி நிறுக்கும்போதும் அதைப் பற்றியே பேசினார். "இந்தப் பக்கம் மறுபடி வர எண்பதாயிரம் வருசம் ஆகும்னு சொல்றாங்க" என்று ஆணி வாங்க வந்தவர்களைப் பயமுறுத்தினார். மேற்கு நன்றாகத் திறந்திருக்கிற இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, றொசல்லைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்துத் தலைவர் வீரய்யா, "எங்க பெரட்டுக் களத்துக்கு வாங்க, மேக்கால ஒரு மறைப்பும் இல்ல" என்று அழைத்துவிட்டார். வேலையாட்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடுகிற அந்தக் களம் ஜோசப்பினுக்குத் தெரியாததா? அவள் விளையாடிய இடம்.

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கு" என்றான் சிறில்.

"மாத்திர என்கிட்டயே இருக்கு. வேன எடுங்க" என்றாள் ஜோசப்பின்.

அன்றைக்குப் பகலெல்லாம் மழை. மாலையில் விட்டது. கழுவித் துடைத்த வானம் அப்படி ஒரு சுத்தமாக மேலே நின்றது. நாலு லயத்துச் சனமும் களத்துக்கு வந்துவிட்டது. வீரய்யா தலைமையில் லயங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜோசப்பினுக்கு வேலையே வைக்கவில்லை. எல்லாம் இருண்ட பிறகுதான் தெரிந்தது. மேற்கே மேட்டின் உச்சியில், வால்நட்சத்திரம் நிற்கவேண்டிய இடத்துக்கு நேர்கீழே, தனியாக ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் ஒரு பெரிய வெள்ளை விளக்கு, களத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

"அது யாரு வீடு?" என்றார் ராமநாதன்.

சிறில் தொலைநோக்கியின் காலைத் துடைக்க ஆரம்பித்தான். வீரய்யா இருமினார். தோட்டத்துக்கே தெரிந்த கதை.

"நாய சிறுத்த கொண்டுபோனதுலருந்து பிலோமினா அந்த லைட்ட அணைக்கிறதில்ல" என்றார் வீரய்யா கடைசியில். "நாங்க சொல்லிப் பாத்தோம். அதக் கேக்கணும்னா கேக்க வேண்டியவ வந்து கேக்கட்டும்னு சொல்லிருச்சு."

நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சத்தில் வால்நட்சத்திரம் மலைக்குள் இறங்கிவிடும். இவ்வளவு சனத்தையும் இருட்டில் நிற்க வைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பவா? ஜோசப்பின் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள். அட்டை ஒன்று காலில் ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. பிலோமினா அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி அடுப்பை ஊதினாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. ஜோசப்பினின் வாயில் தொழில் பேச்சுத்தான் வந்தது. "அக்கா, கீழ வால்நட்சத்திரம் காட்டுறோம். ஒங்க வீட்டு லைட்டு கண்ணக் கூசுது. கொஞ்ச நேரம் அணைச்சா நல்லம். இது போனா, எண்பதாயிரம் வருசம் கழிச்சுத்தான் திரும்பி வருமாம்."

"நீ வர்றதுக்கே பத்தொம்பது வருசம் ஆயிருச்சு" என்றாள் பிலோமினா. "அதப் பாத்தா வால்நட்சத்திரம் பரவாயில்ல."

பஜாரில் யாருக்கும் பதில் பாக்கி வைக்காத ஜோசப்பின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"தெரிஞ்சும் நான் சொல்லலக்கா. பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"நீ அழுவேன்னு."

"அழத்தான் செஞ்சேன். நீ மொதல்லயே சொல்லியிருந்தா அடுப்படியில ஒளிஞ்சி அழுதிருப்பேன். ஊரு முன்னாடி நிக்க வச்சியேடி." பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு ஒன்னயக் கட்டுனதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ சொல்லாததுதான்."

கேத்தல் கொதித்தது. பிலோமினா அதை இறக்கி வைத்தாள். "சரி. அந்தச் சனம் பாவம், குளுருல நிக்கிதுங்க. அணைச்சிரு போ."

"சுவிட்ச் எங்கக்கா?"

"சுவிட்ச் இல்ல. சோலாரு லைட்டு. இருட்டுனா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும்."

"அப்ப எப்படி அணைக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? ஒம் புருசன் எதுக்கு இருக்காரு? கூப்புடு."

ஜோசப்பின் போனை எடுத்தாள். "வேன்ல இருக்குற ஏணியத் தூக்கிக்கிட்டு மேல வாங்க" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, "காய்ச்சல்னு சொன்னேனே" என்றது குரல். "வாங்கங்குறேன்ல" என்று வைத்துவிட்டாள்.

சிறில் வந்தான். ஏணியை முன்னால் கேடயம்போல் பிடித்துக்கொண்டு வந்தான். "மதினி, சொகமா இருக்கீங்களா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

"ஏறுங்க மொதல்ல. சொகமெல்லாம் பெறகு பேசலாம்" என்றாள் பிலோமினா. ஏணியின் காலை அவளே பிடித்துக்கொண்டாள். சிறில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டு ஏறினான். ஆணியெல்லாம் துருவேறிக் கிடந்தது. கழற்ற நேரமில்லை. பிலோமினா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற தடித்த படங்குத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். சிறில் அதை விளக்கின் மேல் போட்டான். அது வழுக்கி விழுந்தது. மறுபடி போட்டு, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

மேடு இருண்டது. கீழே களத்திலிருந்து "ஆ..." என்று ஒரு சத்தம் கிளம்பி மேலே வந்தது.

அக்காவும் தங்கச்சியும் வாசலில் நின்று மேற்கே பார்த்தார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தெரிந்தது. மங்கலாக, மெல்லிசாக, மேல்நோக்கி விரிந்த வால்.

"வெளக்கமாத்தத் தலகீழா நிறுத்துன மாதிரி இருக்கு" என்றாள் பிலோமினா. குரலில் சந்தோசம் இருந்தது. ஜோசப்பின் மெதுவாக அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறவில்லை.

"தெரியுதா?" என்று ஏணியிலிருந்து சிறில் சுவரிடம் கேட்டான்.

"நல்லா தெரியுது" என்றார்கள் இருவரும்.

"நான் பாக்க வேணாமா?"

பிலோமினா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிக்கட்டும்டி" என்றாள் தாழ்ந்த குரலில். "கொஞ்ச நேரம் அப்புடியே நிக்கட்டும்."

ஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சத்தம் வராமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் அக்காவின் தோளும் குலுங்கியது. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபோது வால்நட்சத்திரம் மலை விளிம்பை நெருங்கியிருந்தது.

"பாவம், எறங்கச் சொல்லு" என்றாள் பிலோமினா.

ஜோசப்பின் ஏறி ஒரு கையால் படங்கை அமுக்கிக்கொள்ள, சிறில் இறங்கி ஓடிவந்தான். மலையில் இறங்குவதற்கு முன் அவனும் பார்த்துவிட்டான். பார்த்துக்கொண்டே நின்றவனின் முதுகுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம் கேட்டது.

"அப்ப மாதிரியே ரெண்டு கரண்டிச் சீனிதானே?" என்றாள் பிலோமினா, கரண்டியைச் சீனி டப்பாவுக்குள் விட்டபடி.

ஏணி உச்சியிலிருந்து ஜோசப்பின் கத்தினாள். "அக்கா! அவருக்குச் சீனி வருத்தம். போடாத!"

கரண்டி அப்படியே நின்றது. பிலோமினா ஏணியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதயாச்சும் நேரத்தோட சொன்னியே" என்றாள்.