மோட்டார் கொட்டகை மூர்த்தியின் பயம்

மரக்காணம் உப்பளத்தில் சண்டையைத் தீர்த்து வைக்கிறவர் என்று தட்சணாமூர்த்தியைப் பற்றிச் சொன்னால், வெளியூர்க்காரர்கள் முறுக்கு மீசையும் கட்டைக் குரலும் உள்ள ஓர் ஆளை எதிர்பார்ப்பார்கள். எதிரில் வந்து நிற்பதோ, பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினாலே ஓரடி பின்னால் எடுத்து வைக்கிற, அறுபதைத் தொடப்போகிற ஒல்லி மனிதர். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், போலீஸ் ஜீப் தன்பாட்டுக்குப் போனாலும் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, மனிதர்கள் குரலை உயர்த்தினால் அவருக்கு அடிவயிறு கலங்கிவிடும். கலங்கின வயிறு அடங்கவேண்டுமானால் சண்டை நிற்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷமாக வரப்பு வரப்பாக ஓடிக்கொண்டிருக்கிறார். இதில் வீரம், தியாகம் என்று எதையும் தேடவேண்டாம்.

இந்த வேலைக்கு அவர் மனுப்போட்டு வந்தவரில்லை. அளத்தில் மோட்டார் ஓட்டத்தான் சேர்ந்தார். கடல் நீர் ஏறி நிற்கும் கழியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற மோட்டார். அதற்கு ஓர் ஓலைக் கொட்டகை. கொட்டகை இருந்தது முதலாளி உட்காரும் அறைக்கும் பாத்திகளுக்கும் சரிபாதி வழியில். நிழல் என்று சொல்ல அந்தப் பக்கம் வேறு எதுவும் கிடையாது. முதலாளி வந்தாலும் அங்கேதான் நிற்பார். உப்பு வாருகிறவர்கள் தண்ணீர் குடிக்க வந்தாலும் அங்கேதான் ஒதுங்குவார்கள். முதலாளி போனதும் தொழிலாளி வந்து முதலாளியைத் திட்டுவான். அவன் போனதும் முதலாளி வந்து அவனைத் திட்டுவார். மூர்த்தி இரண்டையும் கேட்டுக்கொண்டு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். "அவன்கிட்ட சொல்லு" என்று இவரும், "அந்தாளுகிட்ட சொல்லுண்ணே" என்று அவனும் சொல்லிவிட்டுப் போக, மூர்த்தி சொல்ல ஆரம்பித்தார்.

சொன்னார் என்றால், கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வசவைக்கூட அவர் வரப்பு தாண்ட விட்டதில்லை. சகாதேவன் என்கிற குத்தகைக்காரரிடம் ஒருமுறை, காலெல்லாம் வெடித்துப் புண்ணாகிறது, ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று ஆட்கள் கேட்டனுப்பினார்கள். "செருப்பால அடிப்பேன்னு சொல்லு" என்றார் சகாதேவன். மூர்த்தி நடந்துவந்து, "காலுக்குப் போடறதப் பத்திதான் பேசிக்கினு இருந்தாரு. யோசிக்கிறாருன்னு நெனைக்கிறேன்" என்றார். ஆட்களுக்கு ஏக சந்தோஷம், நன்றி சொல்லியனுப்பினார்கள். வந்த நன்றியைத் திருப்பியனுப்ப சகாதேவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரமே பூட்ஸ் வந்தது.

இப்படி வளர்ந்ததுதான் அவருடைய தொழில். சமரசம் பேசுவதற்கென்று அரசாங்கத்தில் அதிகாரிகள் இருக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மனு, வாய்தா, மறு வாய்தா என்று போய் வருவதற்குள் மழை வந்து உப்பைக் கரைத்துவிடும். அதனால் எந்த அளத்தில் தகராறு என்றாலும் மோட்டார் கொட்டகைக்கு ஆள் வரும். கைக்குக் கை செல்போன் வந்தபோது இனி மூர்த்திக்கு வேலையில்லை என்றார்கள். நடந்ததே வேறு. போனில் பேசினால் ரெக்கார்ட் ஆகிவிடுகிறது என்று இரண்டு பக்கமும் உஷாராகிவிட்டார்கள். கோபமான பேச்சு எல்லாம் முன்னைவிட அதிகமாக மூர்த்தியின் காதுக்கே வந்தது.

போன வருஷம் புரட்டாசி கடைசியில் அர்ச்சுனனின் அளத்தில் தகராறு கிளம்பியது. அர்ச்சுனன் பிரம்மதேசத்துக்காரர். நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். இரண்டு மழை தப்பியதும் நிலத்தை அடமானம் வைத்து உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து கிடந்தது. கடல் பக்கம் தினமும் கருத்துக்கொண்டு வந்தது. அம்பாரத்து உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக லாரியில் ஏற்றுவது பெண்களின் வேலை. அந்த வேகத்தில் போனால் பாதி உப்பு மழைக்குத்தான் என்று பயந்த அர்ச்சுனன் பொக்லைன் வண்டிக்குச் சொல்லிவிட்டார். பெண்களுக்கு அதைவிடப் பெரிய பயம். மழைக்கு முன்னால் கிடைக்கிற கடைசி வேலை அது. அதுவும் போனால் தை மாதம் வரை அடுப்பு எரியாது. அவர்களில் ஒருத்தியான அந்தோணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அளத்துக்குள் போகிற மண்பாதையின் குறுக்கே உட்கார்ந்தாள். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அர்ச்சுனன் கொட்டகைக்கு வந்தார். முகம் ஜிவுஜிவு என்றிருந்தது.

"போய்ச் சொல்லு மூர்த்தி. நாளைக்குக் காலைல லாரி உள்ள வரும். எவ உக்காந்திருந்தாலும் நிக்காது. மேல ஏத்திக்கினு போய்க்கினே இருக்கும். இத அப்பிடியே சொல்லு."

"மொதலாளி, கொஞ்சம் பொறுமையா..."

"அப்பிடியே சொல்லுன்னேன்."

மூர்த்தி வரப்பில் இறங்கினார். வழக்கமாக இந்த நடையில்தான் அவர் வார்த்தைகளைப் பதமாக்குவார். அன்று எதுவும் பதத்துக்கு வரவில்லை. "லாரி வருமாம்" என்று மட்டும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் வழக்கம்போல வந்து நிற்கும் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நிற்காவிட்டால்? அந்தோணியம்மாளின் கால்மேல் டயர் ஏறுவது அவர் கண்ணுக்குள் வந்தது. அதற்கப்புறம் ஊரார் வந்து உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? பாதையை எட்டியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டதை ஓர் எழுத்துக் குறையாமல் சொல்லிவிட்டார்.

அந்தோணியம்மாள் சிரித்தாள்.

"அண்ணே, உன்ன எனக்குத் தெரியாதா? தவள கத்துனாலே பாம்பு வருதுன்னு ஓடற ஆளு நீ. நீ இப்பிடி நடுங்கறன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்."

"இல்லம்மா, மெய்யாலுமே சொன்னாரு. நாளைக்கு ஒருநாள் மட்டும் ஓரமா உக்காருங்கம்மா."

"ஓரமா உக்காரவா வந்தோம்? வரச்சொல்லு, பாத்துக்கறோம்."

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்த பயந்தாங்கொள்ளி, உண்மையான ஆபத்தைக் கொண்டுவந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. போதாக்குறைக்கு வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த கலைமதி, சின்னப் பெண், போனை எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள்: 'எங்க மேல லாரி ஏத்துவாராம் எங்க மொதலாளி. வரட்டும், வெய்ட்டிங்.' கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வேறு.

சாயங்காலம் மூர்த்தியின் மனைவி சுலோசனா அதைப் போனில் காட்டினாள். "பிரம்மதேசத்துலேர்ந்து எங்க அக்கா பொண்ணு அனுப்பியிருக்குதுங்க. அந்த ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்களாம்" என்றாள்.

ஒரு பேச்சு கொட்டகைக்குள் இருக்கிற வரைக்கும் ஆறிப்போக அதற்கு இடமிருந்தது. இப்போது அர்ச்சுனனின் மாமனார் வீடு, பங்காளிகள், அடமானம் வாங்கினவர் எல்லாரும் பார்த்தாயிற்று. இனி லாரியை நிறுத்தினால் அர்ச்சுனன் ஊருக்குள் தலை காட்ட முடியாது. மூர்த்தி அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

விடிந்ததும் சட்டையை மாட்டினார். "நீங்க போயி இன்னா பண்ணப்போறீங்க?" என்றாள் சுலோசனா.

"தெரியல. இங்க உக்காந்திருந்தா உயிரு போயிடும் போல இருக்குது. பாத்துட்டு வந்துடறேன்."

பெண்களோடு போய் உட்கார அவருக்குத் துணிவில்லை. உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை. மூர்த்தியே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஆபத்து துளிகூட இல்லை என்று இன்னும் நான்கு பேர் சேர்ந்து உட்காருவார்கள். அதனால் அவர்களைத் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து மண்பாதை பிரிகிற இடத்துக்கு நடந்தார். டிரைவர் சிலம்பரசன் நல்ல பையன், கையெடுத்துக் கும்பிட்டாவது நிறுத்திவிடலாம் என்பது கணக்கு.

லாரி திரும்பியது. ஸ்டியரிங்கில் சிலம்பரசன் இல்லை. அர்ச்சுனன் இருந்தார்.

மூர்த்தி பாதையின் நடுவில் நின்றார். நின்றார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஓடிவிட வேண்டும் என்று மனசு கத்தியது, கால் வரவில்லை. இரண்டு பக்கமும் பாத்தி, ஒதுங்க முழங்கை அகலம்கூட இல்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, ஹாரன் அலறியது. கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. தொடை வழியாக ஏதோ வெதுவெதுப்பாக இறங்குவது தெரிந்தது, அது என்னவென்று புரிய அவருக்கு நேரம் பிடித்தது. கண்ணைத் திறந்தபோது லாரியின் முன்பக்கம் அவர் கைவிரலை இடித்துக்கொண்டு நின்றிருந்தது.

அர்ச்சுனன் கதவைத் திறந்து பாதி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வழிய விடுய்யா. சிலம்பரசன் சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான். நானே வந்துட்டேன். இனிமே திரும்பிப் போவ முடியாது."

"மொதலாளி, நீங்கதான் அப்பிடியே சொல்லச் சொன்னீங்க..."

"எத்தினி பேரு எத்தினி வாட்டி உன்கிட்ட அப்பிடியே சொல்லுன்னிருப்பாங்க? எப்பனா சொல்லியிருக்கியா நீ?" அர்ச்சுனனின் குரல் உடைந்தது. "நான் உன்கிட்டதானய்யா சொன்னேன்? அவங்ககிட்டயா சொன்னேன்?"

மூர்த்திக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தான் வார்த்தையை மாற்றிச் சொல்வது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று அவர் இத்தனை காலமும் பயந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்து கொட்டியிருக்கிறார்கள். இவனிடம் சொன்னால் யாருக்கும் அடிபடாது என்கிற தைரியத்தில்தான் வெட்டுவேன், கொளுத்துவேன் என்று வாய்விட்டுக் கத்திவிட்டு, மனசு ஆறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் அவர் உண்மையைச் சொல்லப்போய், இந்த மனிதரை லாரியில் ஏற வைத்துவிட்டார்.

"இப்ப அவங்ககிட்ட இன்னா சொல்லட்டும் மொதலாளி?"

அர்ச்சுனன் தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "என்னத்தையாவது சொல்லு. நான் பயந்துட்டேன்னு மட்டும் சொல்லாத."

மூர்த்தி திரும்பி நடந்தார். பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் உயர்ந்தால்கூட முதுகில் வந்து ஏறப்போகிறது என்று ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சுருங்கியது. வேட்டி நனைந்து காலில் ஒட்டியது. பெண்களின் முகங்களில் நேற்றைய சிரிப்பு இல்லை. லாரி வந்த வேகத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

"இன்னாண்ணே சொன்னாரு?" என்றாள் அந்தோணியம்மாள்.

"உங்ககூடப் பேசணுமாம். லாரிய எடுத்துக்கினு அவரே வந்திருக்காரு, வேற ஆள அனுப்பாம. கொட்டகைக்கு வரச்சொன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு."

அந்தோணியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், நனைந்த வேட்டியைப் பார்த்தாள். பிறகு மடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் அந்தப் பக்கம் இஞ்சின் நின்றது.

பேச்சு மத்தியானத்துக்குள் முடிந்தது. தார்ச்சாலையை ஒட்டின அம்பாரங்கள் பொக்லைனுக்கு, உள்ளே இருப்பவை பெண்களுக்கு. மழை வந்து இரண்டிலும் கொஞ்சம் கொண்டுபோனது. அந்தோணியம்மாள் தன் வீட்டுக்காரரிடம்கூட மூர்த்தியின் வேட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூர்த்தியை இப்போதும் கூப்பிடுகிறார்கள், முன்னைவிட மரியாதையாக. லாரிக்கு முன்னால் நின்ற மனுஷர் என்று பேர். ஆனால் ஸ்டேட்டஸ் விஷயம் எல்லா அளத்துக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் கொட்டகைக்கு வந்து யாரும் கத்துவதில்லை. போன வாரம் சகாதேவன் வந்திருந்தார். அவருடைய ஆட்கள் வேலைக்கு வராமல் நிற்கிறார்கள். பழைய சகாதேவனாக இருந்தால் கொட்டகைக் கூரை பறந்திருக்கும். அன்று அவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்து, "எல்லாம் சுமுகமா போவட்டுங்க. எனக்கு யாரு மேலயும் கோவமில்லன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூர்த்தி அந்த வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். பதமாக்க அதில் எதுவும் இல்லை. அந்த மனிதர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார், ரகசியமாக அடியாள் ஏதும் பார்க்கிறாரா, ஆட்கள் நாளைக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா, எதுவும் தெரியவில்லை. வெட்டுவேன் என்று கத்தினவர்களிடம் அவர் இப்படிப் பயந்ததே கிடையாது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கைவைத்தார், இறங்கவில்லை.

"ஏங்க, சகாதேவன் ரொம்பத் திட்டிட்டாரா?" என்றாள் சுலோசனா.

"திட்டலடி" என்றார் மூர்த்தி. "ஒரு வார்த்தகூடத் திட்டல."