தட்டைப் பாறைக்கு வந்த ஆபத்து

இன்று தானா ராத்தா மலையூருக்குப் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு அண்ணன்கள். வேட்டை லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றிக்காக எங்கே காத்திருப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தேயிலைக்கு மேல, அரசாங்கக் காட்டு ஓரத்துல தட்டப் பாறை இருக்குல்ல? அங்க உக்காந்தா பன்னி வர்ற தடம் முழுசா தெரியும். காத்தும் தோதா இருக்கும்லா.”

எனக்குப் பகீரென்றது. ஞாயிறுதோறும் நான் தனியாக உட்கார்ந்து படிக்கும் பாறை அது.

“அண்ணே, அங்க வாராவாரம் நான் போய் உக்காருவேன்,” என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அடடா! மனுச வாட புடிச்ச எடத்துக்குப் பன்னி எங்க வரப்போவுது? வேற எடம் பாப்போம்டா. நீயே வச்சிக்கம்மா.”

என் வாடையை இவ்வளவு நன்றியோடு நான் நினைத்ததே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் உண்டா? உண்டு என்று மட்டும் சொல்லுங்கள், எங்கே என்று சொல்லாதீர்கள்.