ரேடியேட்டர் கஸ்பார்

ஆவி கக்கிக்கொண்டு வந்து நிற்கும் காரின் பானெட்டைத் தூக்கிவிட்டு, கஸ்பார் எதிர்க்கடையில் பால் விடாத கோப்பி ஓ ஒன்று சொல்கிறார். தமக்கல்ல, கார்க்காரருக்கு. அந்தக் கோப்பி தீரும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்க மாட்டார். பறப்பவர்களுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்த தழும்பைக் காட்டுவார். “நானும் ஒருக்கா அவசரப்பட்டேன் லா. ஒக்காருங்க.”

ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் மலேசியாவின் ஈப்போ நகருக்கு வந்து, காம்பார் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டார். எழுபத்தொன்பது பிறந்தும் ரேடியேட்டர் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பிரேக் என்று யாராவது வாயெடுத்தால் பக்கத்துப் பட்டறையைக் காட்டிவிடுவார். ஞாயிறு பூசைக்குப் போகும்போதும் நகக்கண்ணில் துரு இருக்கும். மனைவி பியாட்ரிஸ் தேய்த்துத் தேய்த்துக் கைவிட்டுவிட்டார்.

ஆறிய தண்ணீரில் விரலை விட்டு, முகர்ந்து, தீர்ப்புச் சொல்வார். வழியில் ஈயம் தோண்டிய பள்ளத்துக் குட்டையில் மொண்டு ஊற்றியவர்களை மட்டும் அவருக்குப் பொறுக்காது. அந்தச் சேறு உள்ளே மெல்லிய குழாய்களை அடைத்துவிடுமாம். என் ஓட்டைக் காருக்காக நானும் ஒருநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயந்தான், ஊற்றியது குட்டைத் தண்ணீர்தான்.

போன வாரம் மாட்டியவர் டாக்சி ஓட்டும் முகம்மது கௌஸ். கார் சதாசிவம் முதலாளியுடையது; அவரும் கூடவே வந்திருந்தார். கஸ்பார் ரேடியேட்டரைக் கழுவிக் கொடுத்த ஒரே மாதத்தில், கமுந்திங் போகும் வழியில், பெராப்பிட் ஏற்றத்தில் மூன்று தடவை கொதித்துவிட்டது. கோப்பி தீர்ந்ததும், தண்ணீரை முகர்ந்துகூடப் பாராமல், “குட்டத் தண்ணி, வேற என்ன?” என்றார் கஸ்பார். அல்லா அறிய இல்லை என்றார் கௌஸ். யார் கேட்டார்கள்? இனி வண்டி உனக்கில்லை என்று முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். எட்டு வருடம் ஓட்டிய காரின் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அந்த மனிதருக்கு விரல் வரவில்லை.

கஸ்பார் அதற்குள் கீழ்க்குழாயைக் கழற்றித் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஈரத் துணித்துண்டு ஒன்று வந்தது. அழுக்குக் கரையச் சோடாக் காரம் ஊற்றி ஊறவைக்கும்போது கீழ்வாயை அடைக்க அவரே திணிக்கிற பழைய கைலி. போன மாதம் பிடுங்கியபோது கிழிந்து, கொஞ்சம் உள்ளேயே தங்கித் தண்ணீரை மறித்துவிட்டது போலிருக்கிறது. அவர் முகம் செத்துப்போயிற்று. அவரையும், என் காருக்காகக் காத்துப் பின்னால் நின்ற என்னையும் தவிர யாரும் பார்க்கவில்லை. கால்சட்டைப் பைக்குள் போட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

கஸ்பார் நேரே நடந்து போனார். “தப்பு என்னோடது, முதலாளி,” என்று சொல்லி, சாவிக்காக நீண்டிருந்த கையில் அந்தத் துணியை வைத்தார்.